வண்டி போகும் வரை

எனக்கு முட்டி வலி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஆரோக்கிய கேந்திரத்துக் காகிதத்தில் எனக்கு முட்டி வலி என்றுதான் இருக்கிறது. எழுதியது அங்கே நர்ஸாக இருக்கும் சிஸ்டர், சொன்னது நான்.

அறுபது வயது தாண்டியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போக அந்தப் பெண் ஸ்கூட்டரில் வீடு வீடாக வந்தாள். மலையாளத்துப் பெண். எல்லையோரம் தமிழ் பேசும் எங்கள் கிழக்குப் பக்கத்துக்கு வந்து நாலு வருடமாகிவிட்டதால் பேச்சில் பாதி தமிழாகிவிட்டது. வயது கேட்டாள், அறுபத்தேழு என்றேன். வீட்டில் உடன் யார் என்றாள், யாருமில்லை என்றேன். கணவர் போய் மூன்று வருடம். மகன் மஸ்கட்டில், மகள் பொள்ளாச்சியில். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டத்தில் டிக் அடித்தாள். என் பிழைப்பு முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்கி, கீழே கொஞ்சம் இடமும் மீந்திருந்தது.

"அம்மே, தினவும் நடக்காறுண்டோ?" என்றாள். தினமும் நடப்பதுண்டா என்று கேட்கிறாள். இல்லை என்றேன்.

"சுகர் இத்தனை வெச்சுக்கிட்டு நடக்காம இருந்தா காலு மரத்துப் போகும். டாக்டர் சொல்லியில்லே? பின்னே எந்தா நடக்காத்தது?"

நடக்காததற்கான காரணங்களுக்கும் அதில் கட்டங்கள் இருந்தன. அவளே வாசித்தாள். முட்டி வலி, மூச்சு வாங்குதல், நாய் பயம், நேரமின்மை, துணையின்மை, மோசமான ரோடு, மற்றவை. என் காரணம் 'மற்றவை'யில்தான் வரும். ஆனால் மற்றவை என்றால் என்ன என்று கேட்பாள். படித்த பெண்ணிடம் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "முட்டி வலிங்க" என்றேன். எண்ணெய் தேய்க்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது அந்த மற்றவையைச் சொல்கிறேன்.

நான் நடக்காதவள் இல்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து காட்டுக்கும் களத்துக்கும் கிணற்றுக்கும் ஒரு நாளில் எத்தனை தடவை போய் வந்திருப்பேன் என்று யாரும் எண்ணியதில்லை. அது நடை என்றே எனக்குத் தெரியாது, வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அவர் போனபின் தக்காளிக் காட்டையும் மாந்தோப்பையும் குத்தகைக்கு விட்டாயிற்று. மாடுகளை மகன் விற்கச் சொல்லிவிட்டான். வரப்பு அப்படியேதான் கிடக்கிறது, ஆனால் அதில் எனக்கு இனி ஒரு சோலியும் இல்லை. சும்மா போய் நின்றால் குத்தகைக்காரர், நாம் வேவு பார்க்க வந்திருக்கிறோம் என்று நினைப்பார். ஆக, மூன்று வருடமாக வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்ததுதான் நடை. இதற்கு முந்தி நான் இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தது இரண்டு பிரசவத்தின்போதுதான்.

டாக்டர் சொன்னது காலை ஆறு மணி, நாற்பது நிமிடம். எங்கள் பக்கத்தில் எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிடும். மாசக் கணக்கில் காற்று வேறு, கணவாயில் புகுந்து ஆளைத் தள்ளும். அதனால் ஆறு மணிதான் சரி. ஆனால் அந்த ஆறு மணிக்குத்தான் கோவிந்தாபுரம் ரோட்டில் காய்கறி ஏற்றிய பிக்கப் வண்டிகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குக் கிளம்பும். காரியமாகக் கிளம்புகிறவர்களுக்கு எதிரே என்னைப்போல் தாலி இழந்தவள் வரக்கூடாது. எங்கள் ஊர் வழக்கம் அது.

இதில் வேடிக்கை, என்னிடம் யாரும் இதைச் சொன்னதில்லை. மூன்று வருடத்தில் ஒரு ஆள்கூட முகம் சுளித்ததில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு முதல்நாள் தைரியமாகத்தான் கிளம்பினேன். வளைவில் வண்டி விளக்கு தெரிந்ததும் என் கால்கள் தாமாகவே ஒதுங்கி ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டன. அந்த வண்டி போயிற்று. வெளியே வருவதற்குள் அடுத்த வண்டி. அதுவும் போயிற்று, பின்னால் ஒரு ஸ்கூட்டர், அதில் வாழைத்தார் கட்டியிருந்தது, அதுவும் காரியமாகத்தான் போகிறது. டாக்டர் சொன்ன நாற்பது நிமிடமும் தொட்டிக்குப் பின்னால் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அதுவுமில்லை.

வாய்க்கால் ரோட்டில் ரிடையர் ஆன ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கையை வீசி வீசி நடப்பார்கள். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். அந்த அம்மாவுக்கு என்னைவிட இரண்டு வயது கூடுதல். அவளைப் பார்த்து வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்து வணக்கம்கூட வைக்கிறார்கள். பக்கத்தில் புருஷன் நடக்கிறார், அதனால் அவளுக்கு அது உடற்பயிற்சி. எரிச்சலாக இருக்கும் எனக்கு. அந்த அம்மா மேல் இல்லை, என் கால்கள் மேல்.

என் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். எங்கள் பங்காளி வகையில் மூத்தவர், இப்போது எண்பது. நான் இருபது வயதில் இந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது அவருக்கு முப்பத்து மூன்று, அப்போதே புருஷன் இல்லை. ஒரு மகன், ஒரு கறவை மாடு. விடிகாலையில் பால் கறந்து தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு சொசைட்டிக்கு நடப்பார். வேகமென்றால் அப்படி ஒரு வேகம். தெருவே அவரைப் பார்த்துத்தான் மணி சொல்லும்.

நான் வந்த வருடம் அவர் கிளம்பிய நேரமும் எங்கள் மாட்டுவண்டி சந்தைக்குக் கிளம்பிய நேரமும் ஒன்றாகிவிட்டது. அன்றைக்குச் செக்போஸ்ட்டுக்கு இப்பால் அச்சு முறிந்து தக்காளி முழுக்க ரோட்டில் கொட்டியது. அச்சு பழைய அச்சு, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் மாமியார் எதிர்வீட்டுக் கேட்டைப் பார்த்தார். அடுத்த சந்தையிலிருந்து என்னை வாசலில் நிறுத்திவிட்டார். என் வேலை இதுதான். என் வீட்டுக்காரர் வண்டி பூட்டும் நேரத்தில் எதிர்க் கேட்டுத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்தால் சொல்ல வேண்டும்.

"சித்த நில்லுங்கக்கா. வண்டி போயிரட்டும்."

அவ்வளவுதான். அதைச் சிரித்த முகமாகச் சொல்வேன். அக்கா கேட்டுக்கு உள்பக்கம் நின்றுகொள்வார். வண்டி தெருமுனை தாண்டியதும் எங்கள் கேட்டுத் தாழ்ப்பாளின் இரும்புக் கொண்டியை இரண்டு தட்டு தட்டுவேன். டக், டக். அது கேட்டால் அவர் வரலாம். கூப்பிட்டுச் சொல்வதைவிட அது மரியாதை என்று நானாகக் கண்டுபிடித்த ஏற்பாடு. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. மற்ற வீட்டுக்காரிகள் வெடுக்கென்று சொல்வார்கள், நான் மனசு நோகாமல் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

மாட்டுவண்டி போய் மினி லாரி வந்தது, அப்புறம் பிக்கப் வந்தது. மாமியார் போய்ச் சேர்ந்தார். என்னைக் காவல் நிறுத்த யாருமில்லாமல் போனபின்னும் நான் நின்றேன். சில நாள் லோடு ஏற்றத் தாமதமாகும். அக்கா தூக்குப்போசியுடன் உள்ளே அரைமணி நேரம்கூட நிற்பார். ஒரு நாள் அப்படி நேரமாகி, சொசைட்டியில் பால் எடுத்து முடித்துவிட்டார்கள். அக்கா பாலோடு திரும்பி வந்தார். தெருவில் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எத்தனையோ வருடம் அந்தக் கொண்டியைத் தட்டியிருக்கிறேன். கடைசியாக எப்போது தட்டினேன் என்று நினைவில்லை.

நடுவில் என்றைக்கோ அக்கா மாட்டை விற்றார். அதன்பின் அவர் கேட்டுக்கு வெளியே வருவது குறைந்து குறைந்து, பின் நின்றே போனது. மகனும் மருமகளும் கொல்லங்கோட்டில் கடை வைத்திருக்கிறார்கள். காலையில் போனால் இருட்டியபின்தான் வருவார்கள். பகல் முழுக்க அந்த வீட்டில் அவர், இந்த வீட்டில் நான். நடுவில் பதினைந்தடி ரோடு. அதைத் தாண்டி நாங்கள் பேசிக்கொண்டது சொற்பம்.

தொட்டிக்குப் பின்னால் நின்ற அன்றைக்குத்தான் எனக்கு அக்காவின் நினைப்பு வந்தது. அங்கே நாற்றமடிக்கும் பாசியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இப்படித்தானே அவர் உள்ளே நின்றிருப்பார், எதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார் என்று தோன்றியது. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அக்காவை அந்தக் கேட்டைத் தாண்டிக் கூட்டி வர வேண்டும். அது நடந்தால் நானும் நடந்துவிடுவேன். நடக்காவிட்டால் இரண்டு பேருமே உட்கார்ந்த இடத்தில் முடிந்துவிடுவோம். இப்படி ஒரு பிடிவாதம் எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் கேட்கப் போக ஒரு மாதம் ஆயிற்று. சிஸ்டர் வந்துபோனது அந்த மாதத்தில்தான்.

முருங்கைக்கீரை ஒரு கை பறித்துக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போக முடியாதே. அக்கா முற்றத்தில் குந்தி உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை ஊன்றாமல் எழுந்தார். எண்பது வயதில்.

"முட்டி வலியெல்லாம் இல்லீங்களாக்கா?" என்றேன்.

"அது எப்புடி இருக்குமுன்னே தெரியாது அம்மிணி. உக்காந்து எந்திரிக்கறதுல உங்களையெல்லாம் தோக்கடிச்சுப் போடுவேன்."

"அப்பறம் ஏனுங்க வெளியவே வர்றதில்ல? காலைல ரெண்டு பேரும் நடக்கப் போலாமுங்களா?"

"எங்க?"

"எங்கயுமில்லீங்க. சும்மாதானுங்க."

"சும்மா எதுக்கு நடக்கோணும்?"

"டாக்டரு சொன்னாருங்க."

"உனக்குச் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் சொல்லல." சிரித்தார். பல் பாதி இல்லை, சிரிப்பு அப்படியே இருந்தது.

பேச வேண்டியதை அதற்குமேல் உள்ளே வைத்திருக்க முடியவில்லை. "அக்கா, அத்தன வருசமா உங்கள அந்தக் கேட்டுக்குள்ள நிக்க வெச்சுட்டனுங்க" என்றேன். இந்த வயதில் அழுவது அசிங்கமாக இருந்தது.

அவர் கையிலிருந்த புளியில் ஒரு கொட்டையை எடுத்துத் தனியாகப் போட்டார். "நீ மட்டுமா? உங்க மாமியா நிறுத்துனா. மேலூட்டுக்காரி நிறுத்துனா. ஆனா உன்னாட்டம் மரியாதையா யாரும் நிறுத்துல அம்மிணி."

அதைக் குத்தலாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இது உள்ளே போய் ஒரு பக்கமாகத் தங்கிவிட்டது. கிளம்பும்போது அவரே சொன்னார், "நாளைக்கி வா. மொதல்ல வாசல்ல நடந்து பாக்கலாம். காலுக்கு வழி மறந்து போயிருக்கும்."

பத்து நாள் அவர் முற்றத்துக்குள்ளேயே நடந்தோம். நிலைவாசலிலிருந்து கேட்டு வரை, திரும்பி மாட்டுக்கொட்டகை வரை. மாடில்லாத கொட்டகையில் விறகு அடுக்கியிருந்தது. இரண்டாம் நாளே நான் மூச்சு வாங்கினேன், அவர் வாங்கவில்லை. பேச்சு தானாக வந்தது. எந்த மாடு எத்தனை ஈத்து ஈன்றது, மேலூட்டுக்காரி எப்படிச் செத்தாள், மருமகள் எத்தனை நல்லவள், எத்தனை பேசாதவள், எல்லாம் பேசினோம். சின்னப் பிள்ளைகள் விடியட்டும் என்று காத்திருப்பதுபோல் அந்தப் பத்து நாளும் நான் காத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் கேட்டருகில் வந்ததும் அவர் திரும்பிவிடுவார். நானும் கேட்கவில்லை. பதினோராம் நாள் அவரே, "இன்னைக்கு வாய்க்கா வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்றார். துவைத்த சேலை கட்டி, தலையைப் படிய வாரியிருந்தார்.

நான் முன்னால் போய் ரோட்டைத் தாண்டி எங்கள் கேட்டோரம் நின்றேன். குத்தகைக்காரர் பிக்கப்பை என் வீட்டுக்குப் பின்னாலுள்ள களத்தில்தான் நிறுத்துவார், அது எப்போதும் ஐந்தே முக்காலுக்கே போய்விடும். அன்றைக்கு மணி ஆறேகால் ஆகிவிட்டது, போயிருக்கும் என்று நம்பித் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா கேட்டைத் திறந்தார். ஒரு காலை வெளியே வைத்தார். மற்றக் காலையும் வைத்தார். ரோட்டின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். புதிதாக வந்த இடத்தைப் பார்ப்பதுபோல் அவர் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் பிக்கப் கிளம்பும் சத்தம் கேட்டது. டயர் பஞ்சராகி அன்றைக்குத்தான் தாமதம்.

"சித்த நில்லுங்கக்கா. வண்டி போயிரட்டும்."

சொன்னது நான்தான். யோசித்துச் சொல்லவில்லை. நாக்கு அங்கேயே தயாராக உட்கார்ந்திருந்தது. அதே வார்த்தை, அதே சிரித்த முகம். இன்னும் கேவலம், என் வலதுகை எங்கள் கேட்டுக் கொண்டியைப் பிடித்திருந்தது.

வண்டி வருகிறது, வயதானவர் ரோட்டின் நடுவில் நிற்கிறார், ஓரமாக நில்லுங்கள் என்றுதானே சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே வக்கீலாக வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஓரமாக என்று நான் சொல்லவில்லை. அக்காவும் ஓரமாகப் போகவில்லை. என் கையைப் பார்த்தார், கொண்டியைப் பார்த்தார். பிறகு ஒரு அவசரமும் இல்லாமல் திரும்பி உள்ளே போய்க் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

குத்தகைக்காரர் வண்டியை நிறுத்தித் தலையை நீட்டினார். நாற்பது வயது ஆள், வாயில் இன்னும் பல்குச்சி.

"ஏனுங்கம்மா, நடக்கப் போறீங்களா? மொதல்ல நீங்க போங்க, நான் நின்னு வர்றேன். அந்தப் பெரியம்மா ஏன் உள்ள போயிருச்சு?"

அவருக்கு ஒன்றுமே இல்லை. எதிரே யார் வந்தால் என்ன என்று அவர் நினைத்ததே இல்லை போலிருக்கிறது. அவர் தக்காளி அன்றைக்கும் நல்லபடியாகவே விற்றிருக்கும். அவர் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். வண்டி தெருமுனை தாண்டிற்று. கொண்டியைத் தட்டினால் அக்கா வருவாரோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். தட்டக் கை வரவில்லை. தட்டியிருந்தால் அதைவிடக் கேவலம் இருந்திருக்காது.

மறுநாள் போனேன். "நாளைக்கிப் பாக்கலாம் அம்மிணி" என்றார். அதற்கு மறுநாள் மருமகள் வந்து, அத்தை படுத்திருக்கிறார் என்றாள். நாலாம் நாள் அக்காவே கேட்டுக்குள் நின்று கீரை நன்றாயிருந்தது என்றார், கேட்டைத் திறக்கவில்லை. கோபம் இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். அவரிடம் கோபமே இல்லை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? முற்றத்தில் நடந்த பத்து நாளும் இருந்ததால்தான் இப்போது பகல் இத்தனை நீளம். அதற்கு முன்னால் இருந்த தனிமை பழகிப்போன தனிமை. இது அப்படி இல்லை. மகனிடம் போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். எங்கே ஆரம்பிப்பது? "நடக்கறியாம்மா?" என்றான். நடக்கிறேன் என்று சொன்னேன்.

சிஸ்டர் இரண்டாம் தடவை வந்தது இந்த நிலைமையில்தான். ஆட்கள் வேலைக்குப் போகுமுன் பிடிக்க வேண்டும் என்று ஏழு மணிக்கே வந்துவிட்டாள். போன தடவை எதிர்வீட்டுக் கேட்டுச் சாத்தியிருந்ததால் ஆளில்லை என்று போய்விட்டாளாம், அக்காவின் பக்கம் காலியாகவே இருந்ததாம். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே எழுத ஆரம்பித்தாள். அக்கா உள்ளே நின்று பதில் சொன்னார். சிஸ்டர் பேசும் மலையாளத்தில் ஏதாவது புரியாமல் போனால் உதவலாம் என்று நான் ரோட்டைத் தாண்டிப் போய் நின்றேன். உண்மையில் அக்காவின் பக்கத்தில் நிற்க ஒரு சாக்கு.

வயது, வீட்டு ஆட்கள், மாத்திரைகள் எல்லாம் ஆயிற்று. "அம்மச்சி புறத்து நடக்காறுண்டோ?" வெளியே நடப்பதுண்டா என்றாள். இல்லை என்று அக்கா தலையாட்டினார்.

"எந்தா காரணம்? இந்த வயசுலயும் நல்ல ஆரோக்கியமாத்தானே இருக்கீங்க."

சிஸ்டர் கட்டங்களைப் படிக்கக் காகிதத்தைத் திருப்பினாள். நான்தான் காரணம் என்று சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. மற்றவையில் எழுதிக்கொள்ளுங்கள், எதிர்வீட்டுக்காரி என்று எழுதுங்கள், அதற்குக் கட்டம் போதாவிட்டால் பின்பக்கத்தில் எழுதுங்கள் என்று சொல்ல வேண்டும். அக்கா என்னைப் பார்த்தார். முற்றத்தில் நடக்கும்போது பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

"முட்டி வலிங்க" என்றார்.

சிஸ்டர் டிக் அடித்தாள். எதிர் எதிர் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நோவு, தண்ணீர் சரியில்லையோ என்னவோ என்று சொல்லிவிட்டு, எண்ணெய் தேய்க்கச் சொல்லி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆனால் அதை ஏற்கனவே ஒருமுறை கேட்டுவிட்டேன், அதற்கப்புறம்தானே அப்படிச் செய்தேன்.

அக்கா கேட்டுக்கு மேலாக எட்டித் தெருமுனை வரை பார்த்தார். பார்த்துவிட்டு, தன் பக்கத்துக் கேட்டுக் கொண்டியை எடுத்து இரண்டு தட்டு தட்டினார்.

"நீ போ அம்மிணி, வெயிலேறிரும்" என்றார். "வண்டியெல்லாம் போயிருச்சு."